சனிக்கிழமைப் பார்சலும் புதன்கிழமைப் பார்சலும்

அன்புள்ள அக்கா,

திருப்பூரில் இருந்து எழுதுகிறேன். நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன், வீட்டுக்காரர் டெய்லர். பையன் ஆறாவது, பொண்ணு ஒன்பதாவது. இருவரும் அரசுப் பள்ளி. ஆர்டர் நெருக்கும்போது ஒன்றரை ஷிப்ட்தான், வீடு வந்து சேர ராத்திரி ஒன்பது ஆகிவிடும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வரும்போது முக்கில் இருக்கிற பாஸ்ட் ஃபுட் வண்டியில் சிக்கன் ரைஸ் மூன்று பார்சலும் ஒரு பாட்டில் கூல்டிரிங்க்ஸும் வாங்குவோம். முன்பு சனிக்கிழமை மட்டும்தான். இப்போது புதன், வியாழனிலும் வாங்குகிறோம். ஊரில் இருந்து வந்த மாமியார், "சம்பாதிச்சு விஷத்தை வாங்கிப் போடறீங்க" என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளைகளை நாங்களே கெடுக்கிறோமா? அடியோடு நிறுத்திவிடட்டுமா?

ப., திருப்பூர்

அன்புள்ள ப.,

நிறுத்த வேண்டாம். சனிக்கிழமையைத் தொடவே தொடாதீர்கள்.

என் அப்பாவும் வாரச் சம்பளக்காரர். சனிக்கிழமை ராத்திரி பரோட்டா பார்சலோடு வருவார். சூட்டில் வாடிய வாழையிலை வாசனை அவருக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிடும். சால்னா கவரில் நூல் முடிச்சு அவிழாது, அம்மா பல்லால் கடித்து அறுப்பாள். அப்பா வாரம் முழுக்க எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே வேளை அதுதான். அதை விஷம் என்று யாராவது சொல்லியிருந்தால் அப்பா எப்படித் துடித்திருப்பார் என்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் நினைத்தேன்.

வாரத்துக்கு 21 வேளை. அதில் ஒன்று சிக்கன் ரைஸ் என்றால் பிள்ளைகள் கெட்டுவிட மாட்டார்கள். பள்ளியில் சத்துணவு சாப்பிடுகிறார்கள் என்றால் வாரம் ஐந்து நாளும் முட்டை கிடைக்கிறது. மற்ற நாள் வீட்டில் ரசமும் பொரியலும் இருக்கும்தானே?

எனக்குக் கவலையெல்லாம் புதன்கிழமைதான். சனிக்கிழமைப் பார்சலை நீங்கள் ஆசைக்கு வாங்குகிறீர்கள், புதன்கிழமைப் பார்சலை அசதிக்கு. ஆசைக்கு வாங்குவது வாரத்துக்கு ஒருமுறையோடு நிற்கும். அசதிக்கு வாங்குவது நிற்காது, ஏனென்றால் அசதி தினமும் வரும்.

அந்த வண்டியில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வாணலியில் எண்ணெய், அதில் கோஸ், சோறு, சிக்கன். அப்புறம் சோயா சாஸ், சில்லி சாஸ், அஜினோமோட்டோ, அதற்கு மேல் ஒரு கை உப்புத்தூள். சாஸிலேயே உப்பு நிறைய இருக்கிறது. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி. பருப்போ காயோ அந்தத் தட்டில் பேருக்குத்தான். ஒரு ராத்திரிக்கு உடம்பு தாங்கும். வாரம் மூன்று ராத்திரி என்றால் அந்த உப்பும் எண்ணெயும் பழக்கமாகி, வீட்டு ரசம் பிள்ளைகளுக்குச் சப்பென்று ஆகிவிடும்.

அதனால் புதன்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமையே வழி பண்ணுங்கள். மாவு ஆட்டி ஃபிரிட்ஜில் வைத்தால் புதன், வியாழன் வரை தாங்கும். மாவு இருக்கிற வீட்டில், வண்டி முன்னால் நின்று பார்சல் வாங்குகிற நேரத்துக்குள் நாலு பேருக்கும் தோசை வந்துவிடும். ஒன்பதாவது படிக்கிற பொண்ணு தோசை ஊற்றுவாள், பையனுக்கும் கற்றுக்கொடுங்கள். அவள் மட்டும் அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை. தோசை மேல் முட்டையை உடைத்து ஊற்றிப் பொடி தூவினால் சட்னிகூடத் தேவையில்லை.

இன்னொன்று, நீங்கள் எழுதாமல் விட்ட நேரம். பிள்ளைகள் நாலரைக்கு வந்துவிடுவார்கள், நீங்கள் வர ஒன்பது. இடையில் என்ன சாப்பிடுகிறார்கள்? அஞ்சு ரூபாய் சிப்ஸும் பிஸ்கெட்டும்தான் என்றால், நீங்கள் வரும்போது பசியில் சிடுசிடுப்பார்கள், உங்கள் கால் தானாக வண்டிப் பக்கம் திரும்பும். கருப்புக் கொண்டைக்கடலையை ராத்திரி ஊறப் போட்டு, காலையில் குக்கரில் வேகவைத்துத் தாளித்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். தேங்காய் வேண்டாம், போட்டால் சீக்கிரம் கெடும். அதுவும் முடியாத நாளில் வறுத்த நிலக்கடலையும் வாழைப்பழமும் போதும். இது ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று நம்புகிறேன்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். மூன்று பார்சலுக்குப் பதில் இரண்டு வாங்குங்கள். வீட்டில் நாலு முட்டை அவித்து, வெள்ளரிக்காயும் வெங்காயமும் நறுக்கி வைத்தால் நாலு பேருக்கும் வயிறு நிறையும். கூடவே சிக்கன் 65 கேட்டால், எண்ணெய் கறுத்துப்போய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சட்டி நிறையப் புகைகிற பழைய எண்ணெய் என்றால் அன்றைக்கு வேண்டாம். மயோனைஸ் கொடுத்தால் வாங்காதீர்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸால் கிருமித் தொற்று வரும் என்றுதான் 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அதற்கு ஓராண்டு தடை போட்டது. சுடச்சுட இருப்பதை பிளாஸ்டிக் கவரில் கட்ட விடாதீர்கள், வீட்டில் இருந்து ஒரு தூக்குப்போசி கொண்டு போங்கள்.

கூல்டிரிங்க்ஸில் மட்டும் நான் கறார்தான். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, அதாவது ஆறு தேக்கரண்டிக்கு மேல். ஒரு நாள் முழுக்கச் சேர்த்தே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். சின்னவன் அழுவான். இரண்டு வாரம் அழட்டும். எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டு, அதே பாட்டிலில் ஊற்றிக் குளிர வைத்துக் கொடுங்கள்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். அவர் கையால் கொள்ளுப் பருப்பு கடையச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் மேல் உள்ள பயத்தில்தான் பேசியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், மாவு ஆட்ட நேரமில்லை என்றால், கடை மாவு பாக்கெட் வாங்குங்கள். அதற்கெல்லாம் மனசு குத்த வேண்டாம். தேதி பார்த்து, பொங்கிப் புளித்துப்போகாததாக எடுங்கள், அவ்வளவுதான்.

அன்புடன்,
அக்கா