ஹோஹென்ஷ்டாஃபன் வம்சம்: கேட்டவையும் சொன்னவையும்

பெயரே வாயில் நுழையவில்லை. இவர்கள் யார்?

தெற்கு ஜெர்மனியில் கோப்பிங்கன் ஊருக்குப் பக்கத்தில், கூம்பு போல ஒரு மலை தனியாக நிற்கும். அதன் உச்சியில் இவர்கள் கட்டிய கோட்டையின் பெயரே குலப்பெயர் ஆனது. ஆரம்பத்தில் பெரிய புள்ளிகள் இல்லை. 1079-இல் மன்னர் நான்காம் ஹென்றி போப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அப்போது தன் பக்கம் நின்ற பிரெடரிக்குக்கு ஸ்வாபியா என்ற பகுதியின் கோமகன் பட்டத்தைக் கொடுத்து, மகள் ஆக்னஸையும் நிச்சயம் செய்தார். ராஜா வீட்டு மருமகன் ஆயிற்றே, அப்புறம் ஏறுமுகம்தான். 1138-இல் ஆக்னஸின் மகன் கொன்ராட் ஜெர்மன் மன்னர் ஆனார்.

'செந்தாடி' பார்பரோசா ஆற்றில் மூழ்கிச் செத்தார் என்பது உண்மையா?

உண்மைதான். அந்தக் கொன்ராடுடைய அண்ணன் மகன், பேரரசர் முதலாம் பிரெடரிக் அவர். மூன்றாம் சிலுவைப் போருக்குப் போகும் வழியில், 1190 ஜூன் 10 அன்று, இன்றைய துருக்கியில் உள்ள சாலெஃப் ஆற்றில். குதிரையோடு ஆற்றைக் கடந்தபோதா, குளிக்க இறங்கியபோதா என்பதில் அந்தக் காலத்துக் குறிப்புகளே ஒத்துப்போவதில்லை.

வம்சத்தை அழித்தது போப்தானே?

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் ஒரு கல்யாணத்தைச் சொல்வேன். 1186-இல் பார்பரோசா தன் மகன் ஆறாம் ஹென்றிக்கு சிசிலி அரச குடும்பத்துக் கான்ஸ்டன்ஸை மணமுடித்தார். பெண்ணுக்கு மாப்பிள்ளையைவிடப் பத்து வயதுக்கு மேல் அதிகம். ஆனால் அவள் கையில் சிசிலிக்கு உரிமை இருந்தது.

இத்தாலியின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கே ஜெர்மனியோடு சேர்ந்த இவர்களின் பேரரசு, தெற்கே சிசிலி, நடுவில் போப்பின் நிலம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த நிலை போப்புக்கு. அவர் சும்மா இருப்பாரா? எந்த போப் வந்தாலும் இந்த இரண்டு கிரீடமும் ஒரே தலையில் ஏறக் கூடாது என்பதில் குறியாக இருந்தார்.

ஹென்றி விடவில்லை. தன் சிறையில் இருந்த இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை விடுவிக்க வாங்கிய பணயத் தொகையையே செலவுக்கு வைத்துக்கொண்டு படையெடுத்து, 1194 கிறிஸ்துமஸ் அன்று பலெர்மோவில் முடி சூடினார். மறுநாள் யேசி என்ற ஊரில் கான்ஸ்டன்ஸுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மூன்று வருடத்துக்குள் ஹென்றி காய்ச்சலில் போய்விட்டார், வயது 31. ஜெர்மனியில் மன்னரைத் தேர்ந்தெடுப்பது சிற்றரசர்கள். பதவியைப் பரம்பரையாக்க ஹென்றி செய்த முயற்சி ஏற்கெனவே தோற்றிருந்தது. ஆகவே 1198-இல் ஒரே நாட்டுக்கு இரண்டு மன்னர்கள்!

அந்தக் குழந்தை இரண்டாம் பிரெடரிக்தானே? போப் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்தவர் ஜெருசலேமை எப்படி வாங்கினார்?

பேசித்தான். 1229-இல் எகிப்து சுல்தான் அல்-காமிலோடு ஒப்பந்தம் போட்டார், போரே இல்லை. எனக்கு இந்த வம்சத்தில் மிகவும் பிடித்தவர் இவர். பருந்து வேட்டை பற்றிப் பெரிய நூல் எழுதினார், நேப்பிள்ஸில் பல்கலைக்கழகம் தொடங்கினார். எட்டு மூலை, எட்டு கோபுரம் என்று இவர் கட்டிய காஸ்தெல் தெல் மோந்தே கோட்டை இத்தாலியின் ஒரு சென்ட் நாணயத்தில் இருக்கிறது. நகத்தளவு செம்பு பூசிய காசுதான், கோபுரங்கள் தெரியும்.

ஆனால் ஜெர்மனியைக் கோட்டைவிட்டார். 1220-இலிருந்து 15 வருடம் அந்தப் பக்கம் போகவே இல்லை. நாணயம் அடிப்பது, சுங்கம் வாங்குவது என்று உரிமைகளை ஆயர்களுக்கும் சிற்றரசர்களுக்கும் விட்டுக்கொடுத்தார். 1245-இல் போப் இவரைப் பதவிநீக்கம் செய்வதாக அறிவித்தபோது, எதிர்மன்னரைத் தேர்ந்தெடுக்க அங்கே ஆள் தயாராக இருந்தது. 1250-இல் இறந்தார்.

கடைசி வாரிசுக்கு என்ன ஆயிற்று?

படிக்கும்போது மனசு கனத்துப்போகும். மகன் நான்காம் கொன்ராட் 1254-இல் காய்ச்சலில் போனார். இன்னொரு மகன் மான்ஃபிரெட் 1266-இல், போப் கூட்டிவந்த பிரெஞ்சு இளவரசர் ஆன்ஜூ சார்லஸோடு மோதிக் களத்தில் விழுந்தார். மிச்சம் நான்காம் கொன்ராடுடைய மகன், கொன்ராடின் என்ற பையன். பேரிலேயே 'சின்ன கொன்ராட்'.

1268 ஆகஸ்ட் 23, இத்தாலியின் தாலியகொட்சோ, பையனும் சார்லஸும் மோதிய களம். சார்லஸின் அரச உடையில் நின்ற ஒருவர் வெட்டுப்பட்டு விழ, சார்லஸே செத்தார் என்று நினைத்துப் பையனின் படை கொள்ளையடிக்கக் கலைந்தது. மறைவில் காத்திருந்த சார்லஸின் குதிரைப்படை அப்போது பாய்ந்தது. தப்பி ஓடிய கொன்ராடின் பிடிபட்டு, அக்டோபர் 29 அன்று நேப்பிள்ஸ் சந்தைத் திடலில் தலை வெட்டப்பட்டார். வயது 16.

அந்த மலைக்கோட்டை இப்போது இருக்கிறதா?

1525 விவசாயிகள் போரில் எரித்துவிட்டார்கள். அப்புறம் கற்களையும் மற்ற கட்டடங்களுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். ஏறிப் போனால் அடிச்சுவர்கள் தெரியும்.