மூன்று மாதத்தில் இரண்டு சீஸ்: ஆர்.எக்ஸ்.100-க்குப் புது பிளாக் வாங்கலாமா?

கேள்வி: அப்பாவின் 1994 மாடல் யமஹா ஆர்.எக்ஸ்.100 வண்டியை இரண்டு வருடமாக மண் டிராக் பந்தயத்துக்கு ஓட்டுகிறேன். ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலைக் கலந்து ஊற்றுகிறேன். மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிட்டது. முதலில் 0.50, அடுத்து 0.75 மில்லிமீட்டர் போர் போட்டோம், அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கினோம். பயந்துபோய் லிட்டருக்கு 50 மில்லி ஆயில் ஊற்றியும் பயனில்லை. முழு ரேஸில் போய், திருப்பத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் பின்சக்கரம் பூட்டிக்கொள்கிறது. ஐடிலிங்கில் சில நேரம் தானாகவே ரேஸ் ஏறுகிறது. மெக்கானிக் ‘சிலிண்டர் பிளாக் முடிந்துவிட்டது, ஜப்பான் ஒரிஜினல் கிட் 22,000 ரூபாய், எனக்குத் தெரிந்தவரிடம் இருக்கிறது’ என்கிறார். வாங்கலாமா? பிஸ்டன் படங்களை இணைத்திருக்கிறேன். மாமா, விளக்கெண்ணெய் கலந்து பார் என்கிறார். அது சரியா?

பதில்: வாங்காதீர்கள் தம்பி. அந்த 22,000 ரூபாயைக் கொடுத்தாலும் மூன்றாவது முறையும் இதே கதைதான் நடக்கும். பழுது பிளாக்கில் இல்லை. பிளாக் அடி வாங்கிய இடம், அவ்வளவுதான்.

முதலில் படத்தைப் பார்ப்போம். பிஸ்டனில் கோடு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பதை வைத்தே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடலாம். நான்கு மூலையிலும் கோடு விழுந்திருந்தால் போர் இறுக்கமாகப் போட்டிருக்கிறார்கள், அல்லது சூடேறும் முன்பே முறுக்கியிருக்கிறீர்கள். கார்ப்பரேட்டர் பக்கம் மட்டும் மங்கலாகத் தேய்ந்து நேர்க்கோடுகள் விழுந்திருந்தால் மண் உள்ளே போயிருக்கிறது. சைலென்சர் பக்கம் மட்டும் அலுமினியம் இழுவிக்கொண்டு போயிருந்தால் சூடு, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று அதிகமான கலவை. உங்கள் இரண்டு பிஸ்டனிலும் சைலென்சர் பக்கம்தான். இரண்டு முறை, ஒரே இடம். போர் போட்டவரின் தவறு என்றால் இப்படி ஒரே இடத்தில் விழாது.

ஆக்ஸிலேட்டரை விட்ட நொடியில் பூட்டியதும் இதோடு ஒத்துப்போகிறது. டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க்குக்கும் பிஸ்டனுக்கும் ஆயில் வருவது பெட்ரோலோடுதான். முழு ரேஸில் நன்றாகச் சூடேறிய பிஸ்டனுக்கு, த்ராட்டிலை மூடியதும் பெட்ரோலும் நிற்கிறது, அதோடு வரும் ஆயிலும் நிற்கிறது. இன்ஜின் மட்டும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சரியான கலவையில் ஓடும் இன்ஜின் இதைத் தாங்கும். ஏற்கெனவே பெட்ரோல் குறைந்து காய்ந்து ஓடும் இன்ஜின் தாங்காது.

நீங்கள் ஆயிலைக் கூட்டியது ஏன் உதவவில்லை என்றால், கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சின்னத் துளையான ஜெட் வழியாக வருவது பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்த கலவை. அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும். கெட்டியான கலவை ஜெட்டில் மெதுவாகவும் இறங்கும். ஜெட்டை மாற்றாமல் 50 மில்லிக்குப் போனதில், காய்ந்த கலவையை இன்னும் கொஞ்சம் காயவைத்தீர்கள். பந்தய ஓட்டத்துக்கு லிட்டருக்கு 30 மில்லி போதும். முதல் இரண்டு டேங்க் வரை 40 போடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

சரி, காற்று எங்கிருந்து கூடுதலாக வருகிறது? ஐடிலிங்கில் தானாக ரேஸ் ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும். எங்கோ ஓட்டை இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது நீங்களே கழற்றிய ஆயில் பம்பைத்தான். பம்பிலிருந்து ஆயில் குழாய் வந்து சேரும் சின்னத் துளை ஒன்று கார்ப்பரேட்டர் பக்கம் இருக்கும். பம்பைக் கழற்றுபவர்கள் அந்தத் துளையை ஒரு ரப்பர் துண்டு, ஒரு துளி எம்-சீல், இல்லாவிட்டால் பேனா மூடி என்று எதையாவது வைத்து அடைத்துவிட்டுப் போவார்கள். பெட்ரோல் பட்டுப்பட்டு ரப்பர் வெடிக்கும், எம்-சீல் உதிரும். என் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது, அந்தத் துளையில் பாதி தீக்குச்சி செருகியிருந்தது. துளை சின்னதுதான். ஆனால் 98 சி.சி. இன்ஜினுக்கு அது பெரிய ஜன்னல்.

அடுத்தது மேக்னெட் (மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பக்கத்து கிராங்க் ஆயில் சீல். அதன் பிறகு ரீட் வால்வு பேக்கிங், கார்ப்பரேட்டர் ரப்பரில் விரிசல், பிளாக்குக்கு அடியில் இருக்கும் பேக்கிங். இவற்றைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. அழுத்திப் பார்க்க வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கில் கருவி தேவையில்லை, மருந்துக் கடையில் கிடைக்கும் கடிகார முள் வைத்த பி.பி. கருவி போதும். துணிப்பட்டையைக் கழற்றிவிட்டு பல்பையும் முள் டயலையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சைலென்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் வாயை சைக்கிள் டியூப் துண்டும் ஒரு தகடும் வைத்து இறுக்கி மூடுங்கள். கார்ப்பரேட்டரைக் கழற்றி அந்த ரப்பருக்குள் ஒரு கட்டையைச் செருகி கிளாம்ப் போடுங்கள், கட்டையின் நடுவே குழாய் நுழைய ஒரு துளை. ஆயில் துளை கார்ப்பரேட்டரிலேயே இருந்தால் அது இந்தச் சோதனையில் மாட்டாது, அதைத் தனியாக வாயால் ஊதிப் பாருங்கள். பிளக்கை இறுக்கிவிட்டு, பிஸ்டனைக் கீழே இறக்கி, முள் 250-க்கு வரும்வரை பல்பை அழுத்துங்கள். நன்றாகக் கட்டிய இன்ஜினில் முள் அசையவே அசையாது. நிமிடத்துக்கு 50-க்கு மேல் இறங்கினால் ஓட்டை உறுதி. சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே வாருங்கள், குமிழி வரும் இடம்தான் உங்கள் 22,000 ரூபாய். கம்ப்ரஸர் காற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள், நல்ல சீலும் பிதுங்கிக்கொண்டு வந்துவிடும்.

மேக்னெட்டைக் கழற்ற அதற்குரிய புல்லர் வேண்டும். உளியை வைத்துத் தட்டுகிற மெக்கானிக்காக இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். கிராங்க்குக்கு இரண்டு பக்கமும் சீல் உண்டு. மேக்னெட் பக்கத்து சீல் போனால் காற்றை இழுக்கும், இன்ஜின் காயும். ஆனால் கிளட்ச் பக்கத்து சீல் போனால் அங்கே காற்று இல்லை, கியர் ஆயில்தான் இருக்கிறது. அதை இழுத்து எரிக்கும். அப்போது காய்ந்த கலவைக்கு நேர் எதிரான அறிகுறிகள் தெரியும். திரைபோல வெள்ளைப் புகை, ஈரமான கறுப்பு பிளக், சைலென்சர் நுனியில் ஆயில் சொட்டு. பார்ப்பவர்கள் 2டி அதிகம் என்று நினைத்து ஆயிலைக் குறைப்பார்கள். நானும் குறைத்தேன். இரண்டு வாரத்தில் கியர்பாக்ஸ் வறண்டது, பிஸ்டனும் போனது, சொந்தக் காசில் செய்து கொடுத்தேன். எப்படிக் கண்டுபிடிப்பது? கியர் ஆயிலை அளந்து ஊற்றுங்கள். 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே சூட்டில், அதே தரையில் வடித்து மீண்டும் அளங்கள். கீழே ஒழுகல் இல்லாமல் அளவு குறைந்திருந்தால் அந்த சீல்தான். பி.பி. கருவிச் சோதனையிலும் இது ஏமாற்றும். சோப்புத் தண்ணீர் வெளியே எங்கும் குமிழி காட்டாது, முள் மட்டும் இறங்கும். காற்று கிளட்ச் கவருக்குள் போய்விடுகிறது அல்லவா? அப்போது கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அந்த வாயில் சோப்பு நுரையைத் தடவுங்கள், நுரை உப்பும். உங்கள் வண்டியில் புகை என்று நீங்கள் எழுதவில்லை, எனவே இது இருக்காது. ஆனாலும் கையோடு பார்த்துவிடுங்கள்.

ஓட்டையை அடைத்த பிறகு, பிளாக். 0.75-இல் இழுவிய சிலிண்டருக்கு 1.00 வரை இன்னும் ஒரு போர் பாக்கி இருக்கிறது. அதற்கும் முன்னால், சுவரில் ஒட்டியிருப்பது பிஸ்டனின் அலுமினியம் மட்டும்தானா என்று பாருங்கள். ஆர்.எக்ஸ். சிலிண்டருக்குள் இருப்பது இரும்பு ஸ்லீவ். விவரம் தெரிந்த லேத்காரர் ஆசிட் தொட்டு அந்த அலுமினியத்தை எடுத்துவிட்டு லேசாக ஹோனிங் போட்டு, அதாவது சுவரைத் தேய்த்துச் சீராக்கிக் கொடுப்பார். சுவரில் நகம் தட்டும் கோடு இல்லையென்றால் அதே சைஸில் புதுப் பிஸ்டன் போட்டு ஓட்டலாம். (பூச்சு போட்ட சிலிண்டர் உள்ள வெளிநாட்டு டர்ட் பைக்காரர்கள் இதைப் படித்துவிட்டு ஆசிட்டைத் தொட வேண்டாம், அது வேறு கதை.)

போர் போட்டே ஆக வேண்டும் என்றால், பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு லேத்துக்குப் போங்கள். ‘பிளாக்கை வைத்துவிட்டுப் போங்க, ஒண்ணு பெருசா போட்டு வைக்கிறேன்’ என்பவரிடம் கொடுக்காதீர்கள். பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் அளவு மாறும். உங்கள் கண் முன்னே பிஸ்டனின் பாவாடைப் பகுதியை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு மேல் 0.04 மில்லிமீட்டர் அளவில் இடைவெளி விட்டு போர் முடிக்க வேண்டும். தலைமுடியே இதைவிடத் தடிமன். ஆகவே ‘கையால் தடவிப் பார்த்தேன், சரியா இருக்கு’ என்பதெல்லாம் கதை. போர் முடிந்ததும் சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் ஜன்னல்களின் ஓரத்தில் விரலை வைத்துப் பாருங்கள். பிளேடு போல இருந்தால் ரிங் அதில் மாட்டி உடையும். ஓரத்தை மழுக்குவது பத்து நிமிட வேலை. பாதிப் பேர் செய்வதில்லை, கேட்டால் ‘ஓடினா சரியாயிடும்’ என்கிறார்கள்.

ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் இறக்கி வாய் இடைவெளியைப் பாருங்கள், 50 மில்லிமீட்டர் போருக்கு 0.2 அளவில் இருக்கட்டும். பிஸ்டன் தலையில் உள்ள அம்பு சைலென்சரைப் பார்க்க வேண்டும். சர்க்ளிப் புதியது. கனெக்டிங் ராடை மேலும் கீழும் ஆட்டினால் துளி ஆட்டமும் கூடாது, பக்கவாட்டில் ஆடலாம்.

இப்போது ‘ஜப்பான் ஒரிஜினல்’. ஆர்.எக்ஸ்.100 இந்தியாவில் 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி. நின்று இத்தனை வருடம் கழித்து, பெட்டி பிரிக்காத ஜப்பான் பிளாக் உங்கள் மெக்கானிக்குக்குத் தெரிந்தவரின் பரணில் உட்கார்ந்திருக்கிறது என்றால், நம்புவது உங்கள் விருப்பம். நான் பார்த்த இத்தகைய கிட்களில் அட்டைப்பெட்டி மட்டும்தான் அழகு. ஸ்லீவ் ஜன்னலும் அலுமினிய ஜன்னலும் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும், ரிங் ஒரு சீசனிலேயே தேயும். இதே ஆட்கள்தான் அடுத்து, ‘முழு இன்ஜினே தர்றேன், பன்ச் பண்ணி உங்க நம்பரே போட்டுத் தர்றேன்’ என்பார்கள். அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காதீர்கள். இன்ஜின் நம்பர் கிராங்க்கேஸில் இருக்கிறது, அதைச் சுரண்டி அடிப்பது குற்றம். திருட்டு வண்டியின் கிராங்க்கேஸாக இருந்தால் ஸ்டேஷன் வாசலில் நிற்கப்போவது உங்கள் அப்பா, ஏனென்றால் ஆர்.சி. அவர் பெயரில்.

நேர்வழியில் போகலாமே என்றால், அதுவும் லேசில்லை. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும், கிராங்க்கேஸ் மாற்றினால் அதற்குத் தனியாக மனுப் போட வேண்டும். அப்பாவின் வண்டியை ஒழுங்காக வைத்திருக்க நினைப்பவன் கவுன்டர் கவுன்டராக அலைகிறான், பன்ச் அடிப்பவன் சந்துக்குள் கடை போட்டு நிம்மதியாக இருக்கிறான். என்னத்தைச் சொல்ல!

பெட்ரோலும் அப்படித்தான். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. நம் கார்ப்பரேட்டர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை, பழைய வண்டிக்காரன் என்ன செய்வான் என்று யாரும் கேட்கவுமில்லை. எத்தனால் கூடினால் கலவை மேலும் காயும். எனவே ஓட்டையை அடைத்த பிறகு மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாகப் போட்டு ஆரம்பியுங்கள். முழு ரேஸில் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து இன்ஜினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபிப்பொடி நிறம் வந்த பிறகு ஜெட்டை மேலும் குறைக்காதீர்கள். வெளுத்திருந்தால் அன்றைக்கு ஓட்டம் போதும். பந்தயம் இல்லாத வாரங்களில் கார்ப்பரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள், எத்தனால் ஈரத்தை இழுத்து அடியில் தங்கும்.

ஏர் பில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். சத்தம் ஜோராக இருக்கும், மண்ணும் ஜோராக உள்ளே போகும். ஒவ்வொரு மண் ஓட்டத்துக்குப் பிறகும் பஞ்சை மண்ணெண்ணெயில் அலசி, சோப்பில் கழுவிக் காயவைத்து, பில்டர் ஆயிலில் பிசைந்து பிழிந்து மாட்டுங்கள். கார்ப்பரேட்டர் ரப்பருக்குள் வெள்ளைத் துணியைச் சுற்றி எடுங்கள். துணி மண்நிறமானால் பில்டர் ஓரம் சரியாக உட்காரவில்லை.

மாமாவின் விளக்கெண்ணெய் யோசனை முழுக்கத் தப்பில்லை. பந்தய இன்ஜின்களுக்கு ஆமணக்கெண்ணெய் அடிப்படையிலான ஆயில் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது அதற்காகப் பக்குவப்படுத்தியது. மளிகைக் கடை பாட்டிலை ஊற்றினால் ரிங் பள்ளத்தில் பிசினாக இறுகி, ரிங் அசையாமல் போகும். ஜாசோ (ஜப்பானியத் தரக்குறியீடு) எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்று டப்பாவில் போட்டிருக்கும் 2டி ஆயிலை, மருந்துக்கடை சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள். பி.பி. கருவி வாங்கப் போகும்போது அதையும் சேர்த்தே வாங்கிவிடலாம்.