குட்டி நாய், பூனை, உருண்டைப்புழு: கேளுங்க சொல்றேன்

நான் கால்நடை டாக்டர். நாய் பூனைகிட்டேருந்து மனுஷங்களுக்கு வர்ற புழு பத்தி கேளுங்க, ஆனா மனுஷங்களுக்கு மாத்திரை டோஸ் மட்டும் என்கிட்ட கேக்காதீங்க.

கேள்வி: டாக்டர், எங்க நாய்க்குட்டிக்கு ஒன்றரை மாசம்தான், வெளியவே விட்டதில்ல, வாந்தியில வெள்ளையா நீளமா புழு வந்துச்சு, எங்கேருந்து வந்திருக்கும்?

பதில்: அம்மாகிட்டேருந்துதான். தாய் நாயோட சதைக்குள்ள டாக்ஸோகாராங்கற உருண்டைப்புழுவோட லார்வா, அதாவது குட்டிப்புழு, தூங்கிட்டு இருக்கும், சினையானதும் முழிச்சிக்கிட்டு வயித்துல இருக்கற குட்டிக்கே போயிடும், மிச்சம் பால் வழியா போகும். அதனாலதான் 2 வாரத்துலயே குடற்புழு மருந்து ஆரம்பிச்சு ரெண்டு ரெண்டு வாரமா திரும்ப குடுக்க சொல்றோம், ஒரு டோஸ் குடுத்து முடிஞ்சுதுன்னு விடறவங்கதான் அதிகம். பூனைக்குட்டிக்கு பால் வழியாதான் வரும், அதுக்கு 3 வாரத்துல ஆரம்பிச்சா போதும்.

கேள்வி: பையன் மூஞ்சிய நாய் நக்கிக்கிட்டே இருக்கு, பயமா இருக்கு சார்.

பதில்: எல்லாரும் நக்கறதுக்கு பயப்படறீங்க, மண்ணுக்கு யாரும் பயப்படறதில்ல! நாய் கழிவுல இந்த புழுவோட முட்டை இருக்கும், வெளிய வந்த உடனே அது தொத்தாது, உள்ள லார்வா வளர 2லேருந்து 4 வாரம் ஆகும், அதனால அன்னன்னைக்கே கழிவ அள்ளிட்டா பெரும்பாலும் தப்பிச்சீங்க. அள்ளாம விட்டா கழிவு மழையில கரைஞ்சு காணாம போயிடும், முட்டை மட்டும் மண்ணுல வருஷக்கணக்கா கிடக்கும், அங்க விளையாடிட்டு அப்படியே விரல் சூப்பற குழந்தைக்குத்தான் ரிஸ்க்.

கேள்வி: சானிடைசர் போட்டா போதுமா?

பதில்: போதாது. முட்டை ஓடு அவ்ளோ தடிமன். சோப்பும் முட்டைய கொல்லாது, ஆனா தேய்ச்சு கழுவினா கையைவிட்டு போயிடும்ல, நமக்கு அதானே வேணும். சிமெண்ட் தரைன்னா கழிவ அள்ளிட்டு கொதிக்கற தண்ணி ஊத்துங்க.

கேள்வி: பொண்ணுக்கு மோஷன் டெஸ்ட் நார்மல்னு வந்துடுச்சு, நிம்மதியா இருக்கலாமா அண்ணா?

பதில்: இந்த புழுவுக்கு மோஷன் டெஸ்ட் பிரயோஜனமே இல்லம்மா. நம்ம உடம்புல அது பெரிய புழுவா வளராது, முட்டையும் போடாது, லார்வாவாவே கல்லீரல், நுரையீரல்னு சுத்திக்கிட்டு இருக்கும். ரத்தத்துல ஆன்டிபாடியும் (எதிர்ப்புப் பொருள்) ஈசினோஃபிலும்தான் (ஒரு வகை வெள்ளை அணு) பாப்பாங்க. நிறைய பேருக்கு ஒண்ணுமே தெரியாம சரியாயிடும், சிலருக்கு காய்ச்சல், இருமல், வீசிங் வரும். ஆனா கண்ணு விஷயத்துல மட்டும் அசால்ட்டா இருக்காதீங்க, ஒரு கண்ணுல பார்வை மங்கினா, மாறுகண் மாதிரி ஆனா, கண்மணி வெள்ளையா தெரிஞ்சா அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட போங்க, ஏன்னா குழந்தைங்களுக்கு வர்ற கண் புற்றுநோயும் இதே மாதிரிதான் தெரியும்.

கேள்வி: மாசமா இருக்கேன், பூனைய யார்கிட்டயாவது குடுத்துட சொல்றாங்க.

பதில்: அவங்க சொல்றது டாக்ஸோபிளாஸ்மா, பேரு ஒரே மாதிரி இருக்கறதால எல்லாருக்கும் வர்ற குழப்பம், அது புழுவே இல்ல, ஒத்த செல் ஒட்டுண்ணி. பூனைய குடுக்க வேணாம்மா, பூனை கழிவு போற லிட்டர் தட்ட வீட்ல வேற யாராவது தினமும் சுத்தம் பண்ணட்டும்.

கேள்வி: எனக்கு டாக்ஸோகாரா இருக்குன்னு சொல்லிட்டாங்க, தம்பிக்கு என்கிட்டேருந்து ஒட்டுமா?

பதில்: ஒட்டாது. ஆனா அவனும் அதே மண்ணுலதானே விளையாடறான், அவனையும் டாக்டர்கிட்ட காட்டுங்க.