பாபோ ஏன் வாயைத் திறக்கவில்லை? – கடிதம்

வணக்கம் சார்,

அடிமைக் கப்பல் கலகத்தைப் பற்றிய கதை என்று நீங்கள் எழுதியதை நம்பி எங்கள் வாசிப்புக் குழுவில் அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில்லின் 'பெனிட்டோ செரெனோ' குறுநாவலை எடுத்தோம். ஒன்பது பேர் படித்துவிட்டு வந்தோம், பெரும்பாலோருக்கு ஏமாற்றம்தான். கலகம் நடப்பதே கண்ணில் காட்டப்படவில்லை. பாதிக்கு மேல் அந்த அமெரிக்கக் கேப்டன் டெலானோ கப்பல் தளத்தில் நடந்துகொண்டே 'ஏதோ சரியில்லையே' என்கிறார், உடனே 'சே, அப்படியெல்லாம் இருக்காது' என்கிறார், மறுபடி முதலிலிருந்து. கறுப்பர்களைப் பற்றி அவர் நினைப்பதைப் படிக்கவே கூசுகிறது. கலகத் தலைவன் பாபோ கடைசியில் ஒரு வார்த்தை பேசாமல் செத்துப்போகிறான். ஒரு நண்பர் அவனைச் சுத்த வில்லன் என்றார். இன்னொருவர், கப்பலைப் பிடித்தவன் ஸ்பானியக் கேப்டன் செரெனோவை ஏன் உயிரோடு வைத்திருக்கிறான், லாஜிக்கே இடிக்கிறதே என்றார். நீங்கள் இதில் என்னத்தைக் கண்டீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

ஒன்பது பேர் முழுதாகப் படித்துவிட்டு வந்ததே பெரிய விஷயம். நான் முதல் தடவை முப்பது பக்கத்தில் மூடிவைத்தவன். இந்த மனுஷன் எப்போதுதான் அந்தக் கப்பலை விட்டு இறங்குவார் என்ற அலுப்புதான் காரணம். இரண்டு வருஷம் கழித்து, முடிவு இன்னதென்று யாரோ சொல்லிக் கேட்டபிறகு மறுபடி எடுத்தேன், அப்போது அது வேறு கதையாக இருந்தது.

முடிவு இதுதானே: டெலானோ ஏறும்போதே கப்பல் அடிமைகளின் கையில், அவர் கண்ணுக்கு அவர்கள் இன்னும் அடிமைகள் போலவும் செரெனோ இன்னும் எஜமான் போலவும் நடிக்கிறார்கள். அதை மனதில் வைத்து சவரக் காட்சியை மட்டும் திரும்பப் படியுங்கள். பணிவான வேலைக்காரனாக பாபோ தன் எஜமானுக்குச் சவரம் செய்கிறான். கழுத்தில் போர்த்தியிருப்பது ஸ்பெயின் நாட்டுக் கொடி. டெலானோவுக்கு அது வேடிக்கை, கறுப்பர்களுக்குப் பளிச்சென்ற நிறம் பிடிக்கும் என்று தனக்குள் சிரித்துக்கொள்கிறார். கேப்டன் நடுங்குகிறார், கத்தி லேசாகப் பட்டு ஒரு சொட்டு ரத்தம் நுரையில் விழுகிறது. கொஞ்ச நேரம் கழித்து பாபோ கன்னத்தில் ஒரு கீறலோடு வெளியே வருகிறான், சின்னக் காயத்துக்காக எஜமான் தன்னைக் கத்தியால் கீறிவிட்டதாக முனகுகிறான். ஐயோ பாவம் என்று டெலானோ நினைக்கிறார், நாமும் நினைத்தோம். விஷயம் தெரிந்து படிக்கும்போது அந்த அறையில் இருந்த மூவரில் பயப்படாமல் இருந்தவர் ஒன்றும் தெரியாத டெலானோ ஒருவர்தானோ என்று தோன்றுகிறது. பாபோவும் பயந்துதான் இருந்திருப்பான், அவன் கையில் ஒரு கத்தியும் முகத்தில் ஒரு நாடகமும் மட்டுமே இருந்தன. இதைப் படித்த வாரம் சலூனில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபோது கழுத்தில் ஒரு கூச்சம் ஏற்பட்டது, அது வேறு கதை.

டெலானோவின் எண்ணங்கள் கூசவைக்கின்றன என்கிறீர்கள். கூசத்தான் வேண்டும். ஆனால் பாபோ ஒளிந்துகொள்வதே அந்த எண்ணங்களுக்குப் பின்னால்தான். இவர்களுக்குத் திட்டம் போடத் தெரியாது, விசுவாசமாக இருக்கத்தான் தெரியும் என்று ஒரு வெள்ளைக்காரர் நம்பிக்கொண்டு வருகிறார். சரி, அதையே நடித்துக் காட்டுவோம் என்கிறான் அவன். சங்கிலியோடு ஒரு ராட்சத ஆள் மன்னிப்புக் கேட்க வந்து வந்து நிற்கிறானே, அத்தூஃபால், அந்தப் பூட்டின் சாவி கேப்டன் கழுத்தில் தொங்குகிறது. எஜமானிடம் எவ்வளவு அதிகாரம் என்று டெலானோ வியக்கிறார். அந்தச் சங்கிலியோ நினைத்த நேரத்தில் உதறிவிடக் கூடியது. உங்கள் ஒன்பது பேரில் எத்தனை பேருக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் வந்தது என்று கேட்டுப்பாருங்கள், நேர்மையாகச் சொல்லச் சொல்லுங்கள்.

இதை எழுதியவர் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்பதையும் பார்க்க வேண்டும். கதை ஒரு பத்திரிகையில் தொடராக வந்தது 1855இல். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் சட்டம் 1850இலேயே வந்துவிட்டது. மெல்வில்லின் மாமனார் லெமுவேல் ஷா மாசசூசெட்ஸின் தலைமை நீதிபதி, 1851இல் தாமஸ் சிம்ஸ் என்ற இளைஞர் அந்தச் சட்டப்படி மறுபடி அடிமையாக ஜார்ஜியாவுக்கு அனுப்பப்பட்டது அவருடைய நீதிமன்றம் தடுக்க மறுத்ததால்தான். மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இது எப்படிப் பேசப்பட்டிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

லாஜிக் கேட்ட நண்பருக்கு. கப்பலைப் பிடிப்பதை விட அதை ஓட்டுவதுதான் பெரிய பாடு. பாபோ தன் ஆட்களை செனகலுக்குக் கொண்டுபோகச் சொல்கிறான், வழி தெரிந்தவர் அந்தக் கேப்டன்தான். இது கற்பனையும் இல்லை. 1839இல் கியூபாவுக்குப் பக்கத்தில் அமிஸ்தாத் என்ற கப்பலை அதில் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட செங்பே பியேயும் அவருடைய ஆட்களும் பிடித்தார்கள், 53 பேர். ஆப்பிரிக்காவுக்கு ஓட்டச் சொல்லி இரண்டு ஸ்பானியர்களை உயிரோடு விட்டார்கள். அவர்கள் பகலில் சூரியனைப் பார்த்துக் கிழக்கே மெதுவாக ஓட்டுவதும் இரவில் வடமேற்காகத் திருப்புவதுமாக இருந்தார்கள், கப்பல் கடைசியில் நியூயார்க் பக்கம் லாங் தீவில் போய் நின்றது. அதற்கு முன்னால் 1766இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மீர்மின் என்ற அடிமைக் கப்பலிலும் இதே கூத்து. மடகாஸ்கருக்குத் திருப்பு என்று கலகக்காரர்கள் சொல்ல, மாலுமிகள் தென்னாப்பிரிக்கக் கரைக்கே கொண்டுபோனார்கள், புட்டியில் கடிதம் போட்டுக் கரையில் இருப்பவர்களை நெருப்பு மூட்டச் சொன்னார்கள், ஊர் வந்துவிட்டது என்று கலகக்காரர்களை ஏமாற்றுவதற்கு. நட்சத்திரம் பார்க்கத் தெரிந்தவன் எதிரியாக இருக்கிறான், அவனைக் கொன்றாலும் சாவு, நம்பினாலும் சாவு. இதில் யாருடைய முட்டாள்தனத்தைப் பேசுவது?

வில்லன் விஷயத்துக்கு வருகிறேன். பாபோ கொலை செய்தான், செய்யவைத்தான். அடிமைகளின் சொந்தக்காரனான அராந்தாவின் எலும்புக்கூட்டைக் கப்பல் முகப்பில் மாட்டிவைத்தான். இதையெல்லாம் மெல்வில் மறைக்கவில்லை, நானும் அவனைப் புனிதனாக்கப் போவதில்லை. ஆனால் இதெல்லாம் நமக்கு யார் வாயிலிருந்து தெரியவருகிறது? கடைசியில் வரும் அந்த வறட்டு நீதிமன்ற வாக்குமூலம், உங்களில் பாதிப் பேர் தாண்டிப் போயிருப்பீர்கள் (நான் தாண்டினேன்), அது முழுக்க செரெனோ சொன்னது. பாபோ வாயே திறக்கவில்லை. அவனைப் பேசவைத்திருந்தால் நமக்கு நிம்மதியாக இருந்திருக்கும், ஒரு நல்ல வசனம் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடியிருப்போம். அவனுடைய மௌனத்துக்கு முன்னால் செரெனோ என்ன செய்கிறார் பாருங்கள், அடையாளம் காட்டச் சொன்னபோது அவனை நிமிர்ந்து பார்க்க முடியாமல் மயங்கி விழுகிறார்.

இது நடந்த சம்பவம் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'ட்ரையல்' என்ற கப்பலில் 1804 டிசம்பர் கடைசியில் கலகம், 1805 பிப்ரவரி 20 அன்று சிலி நாட்டு சாந்தா மரியா தீவருகே நிஜ டெலானோ அதில் ஏறினார். மெல்வில் அதை 1799க்குத் தள்ளி, கப்பலுக்கு சான் டொமினிக் என்று பெயர் வைத்தார், அப்போது சான் டொமிங்கு என்ற பிரெஞ்சுக் காலனியில், அதாவது இன்றைய ஹைட்டியில், அடிமைகளின் புரட்சி நடந்துகொண்டிருந்தது. நிஜத்தில் கேப்டனுக்குப் பக்கத்திலேயே நின்று நடித்தவர் மோரி, பாபோவின் மகன். பாபோ கப்பலை மீட்கும் சண்டையிலேயே இறந்துவிட்டார். அப்பாவையும் மகனையும் சேர்த்து ஒரே ஆளாக்கியது மெல்வில்லின் வேலை, நல்ல வேலைதான்.

எனக்கு அவர்மேல் இருக்கும் குறை வேறு. நிஜத்தில், மீட்கப்பட்டபின் இரண்டு கேப்டன்களும் பணத்துக்காகக் கேவலமாகச் சண்டை போட்டார்கள். காப்பாற்றியதற்கு டெலானோ கூலி கேட்டார், மற்றவர் அதைத் தராமலிருக்க டெலானோவைக் கடற்கொள்ளைக்காரன் என்று சொல்லவைக்க ஆள் தேடினார். மெல்வில் இதை விட்டுவிட்டு இருவருக்கும் நடுவே ஒரு சோகமான நட்பை வைத்தார், அது கொஞ்சம் பூசி மெழுகியதுபோல் இருக்கிறது. அப்புறம், அந்தக் கப்பலில் வந்தவர்கள் புவெனஸ் அயர்ஸிலிருந்து புல்வெளிகளையும் ஆண்டிஸ் மலையையும் நிலவழியாகத் தாண்டி வால்பரைசோ துறைமுகத்துக்கு ஓட்டி வரப்பட்டவர்கள். அதைப் பற்றிக் கதையில் மூச்சே இல்லை.

உங்கள் குழு இன்னொரு கூட்டம் போடுவதாக இருந்தால் நிஜ டெலானோ 1817இல் வெளியிட்ட பயண நூலில் 18ஆம் அத்தியாயத்தை எடுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதிலுள்ள வாக்குமூலத்தில் பெண்களைப் பற்றி ஒரு பத்தி வரும். சண்டை நடந்த நேரம் முழுக்க அவர்கள் மிகத் துயரமான ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள், தங்கள் ஆண்களுக்குத் தைரியம் வருவதற்காக. பாட்டு என்ன என்று எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. அதைப் படித்தபின்னும் அந்த நண்பர் சுத்த வில்லன் என்றுதான் சொல்கிறாரா என்று கேட்டு எழுதுங்கள்.