ஐந்து நாடுகளில் ஐந்து பேர், ஒருவர் பெயரில் எல்லாம்: திறமூலத் திட்டத்துக்கு அறக்கட்டளை தேவையா?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், ஆளுக்கொரு நாட்டில் இருந்துகொண்டு ஆறு வருடமாக யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு திறமூல மென்பொருளைப் பராமரித்து வருகிறோம். பதிவு செய்த அமைப்பு எதுவும் இல்லை. நன்கொடை எங்களில் ஒருவரின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது, டொமைனும் (தளத்தின் இணைய முகவரி) அவர் பெயரில்தான். இப்போது ஒரு நிறுவனம் பெரிய தொகை தர முன்வந்திருக்கிறது. "எந்த அமைப்பின் பெயருக்கு அனுப்புவது?" என்று கேட்கிறார்கள். அறக்கட்டளை தொடங்க வேண்டுமா? எந்த நாட்டில்? திட்டம் ஒரு கம்பெனியின் கைக்குப் போய்விடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: இப்போதைக்கு அறக்கட்டளை வேண்டாம். ஏற்கெனவே இயங்கிவரும் ஒரு பொது அமைப்பின் குடைக்குள் போங்கள். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதற்கு வக்கீலும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

திட்டத்துக்கு என்னென்ன சொத்து உண்டு என்று ஒரு தாளில் எழுதுங்கள். டொமைன் யார் பெயரில்? அதைப் புதுப்பிக்கும் கார்டு யாருடையது? நினைவூட்டல் மின்னஞ்சல் யாருக்கு வருகிறது? நிரல் இருக்கும் களஞ்சியத்தின் நிர்வாகி யார்? வெளியீடு அசல்தான் என்று காட்ட அதில் கையெழுத்திடும் டிஜிட்டல் சாவி யார் மடிக்கணினியில் இருக்கிறது? லோகோவின் மூலக்கோப்பு எங்கே? ஒவ்வொரு வரிக்கும் எதிரே குறைந்தது இரண்டு பெயர்கள் வர வேண்டும். உங்கள் தாளில் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வரும் என்று நினைக்கிறேன். அந்த நண்பர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால்? 2009-இல் சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் குழுவுக்கு இதுதான் நடந்தது. டொமைனும் நன்கொடைப் பணமும் ஒரே ஒருவர் வசம் இருந்தன. அவரைத் தொடர்புகொள்ளவே முடியாமல், மற்றவர்கள் பொதுவில் திறந்த மடல் எழுதும் நிலை வந்தது. பிறகு சமரசமாக முடிந்தது என்றாலும், உலகம் முழுக்கச் சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்த ஒரு இயங்குதளம் அது.

அந்த நண்பருக்கே இதில் ஆபத்து அதிகம். பதிவில்லாத குழுவின் பணம் ஒருவர் கணக்குக்கு வந்தால், பல நாடுகளில் வரித்துறை அதை அவருடைய வருமானமாகப் பார்க்க இடமுண்டு. வழக்கு என்று வந்தாலும் முதலில் அவர் பெயர்தான் அடிபடும். சேவை மனப்பான்மையோடு கணக்கைக் கொடுத்தவர் தலையில் இதைக் கட்டுவது நியாயமே இல்லை.

சரி, குடை என்றேனே, அது என்ன? ஆங்கிலத்தில் ஃபிஸ்கல் ஸ்பான்சர் என்பார்கள். வங்கிக் கணக்கு, கணக்கு தணிக்கை, வரித் தாக்கல், ஒப்பந்தத்தில் கையெழுத்து, வணிகக்குறியை (டிரேட்மார்க்) வைத்துக்கொள்வது எல்லாவற்றையும் அந்த அமைப்பு பார்த்துக்கொள்ளும். நீங்கள் நிரலைப் பார்த்துக்கொள்ளலாம். டெபியன் என்ற இயங்குதளத்துக்காக 1997-இல் தொடங்கிய சாஃப்ட்வேர் இன் த பப்ளிக் இன்ட்ரஸ்ட், வரும் நன்கொடையில் 5 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 2006-இல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி 10 சதவீதம் எடுக்கிறது. கிட், வைன், இங்க்ஸ்கேப் போன்ற பிரபலத் திறமூலத் திட்டங்கள் எல்லாம் அதன் குடைக்குள்தான் இருக்கின்றன. பத்து சதவீதமா என்று சிலர் தயங்குவார்கள். சொந்த அமைப்பு வைத்து ஒரு கணக்காளருக்கும் வக்கீலுக்கும் ஆண்டுதோறும் கொடுப்பதோடு ஒப்பிட்டால், உங்கள் அளவுள்ள திட்டத்துக்கு இது மலிவு.

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு பிரிவை மட்டும் இரண்டு முறை படியுங்கள்: வெளியேறும் பிரிவு. நாளைக்கு வேறு இடம் போக நினைத்தால் பணம், பெயர், டொமைன் மூன்றும் கூடவே வருமா? இது வெறும் சந்தேகம் இல்லை. ஓப்பன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் என்ற குடை அமைப்பு 2024 தொடக்கத்தில் தன்னைக் கலைத்துக்கொள்வதாக அறிவித்தது. அதை நம்பியிருந்த ஏராளமான குழுக்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

எந்த நாடு என்ற கேள்விக்குப் பலரும் வரிச்சலுகைப் பட்டியலைத்தான் நீட்டுவார்கள். நான் கேட்பது வேறு: அந்த நாட்டில் ஆண்டுதோறும் கணக்கு தாக்கல் செய்ய உங்கள் ஐவரில் யார் இருக்கிறார்? யாருமில்லை என்றால் எவ்வளவு நல்ல சட்டமும் உதவாது. ஜெர்மனியில் சங்கம் பதிய ஏழு உறுப்பினர்கள் வேண்டும். கேடிஈ என்ற திறமூலத் திட்டத்தின் சங்கம் அப்படிப் பதிவானதுதான். லிப்ரெஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் 2012-இல் பெர்லினில் அறக்கட்டளையாகப் பதிவானது. அமெரிக்க வரிச் சட்டத்தில் 501(சி)(3) என்பது பொதுநல அமைப்பு, 501(சி)(6) என்பது தொழில் கூட்டமைப்பு. அப்பாச்சி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் முதல் வகை, லினக்ஸ் ஃபவுண்டேஷன் இரண்டாம் வகை. பெயரில் ஒரு எண்தான் வித்தியாசம். ஆனால் இரண்டாம் வகை தன் உறுப்பினர்களின் தொழில் நலனுக்காக இருப்பது. அங்கே அந்த உறுப்பினர்கள் பெரும்பாலும் கம்பெனிகள். அப்பாச்சியில் தனிநபர் மட்டுமே உறுப்பினராகலாம், நன்கொடை தரும் கம்பெனிக்கு ஓட்டு கிடையாது. உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது.

அமைப்பை எங்கே பதிந்தாலும் பொருளாதாரத் தடைச் சட்டங்கள் பின்னாலேயே வரும். 2024 அக்டோபரில் லினக்ஸ் கெர்னலின் (அந்த இயங்குதளத்தின் மையக்கரு) பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ரஷ்யத் தொடர்புடைய சிலரின் பெயர்கள் நீக்கப்பட்டது இதனால்தான். உங்களில் யாராவது தடைக்குள்ளான நாட்டில் இருந்தால், குடை அமைப்பிடம் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மீதிப் பதில், யார் முடிவெடுப்பது என்பதில் இருக்கிறது. பணத்தை வைத்திருப்பவர் வேறு, நிரலைப் பற்றி முடிவெடுப்பவர் வேறு என்று பிரித்து வையுங்கள். பைத்தான் என்ற நிரல்மொழி இதற்கு நல்ல பாடம். பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் 2001 முதல் இருக்கிறது, பணமும் பெயரும் அதனிடம். ஆனால் மொழி எப்படி வளர வேண்டும் என்று அது முடிவு செய்வதில்லை. 2018 ஜூலையில் மொழியை உருவாக்கிய கீடோ வான் ராசம் முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார். பல மாத விவாதத்துக்குப் பின், தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவர் குழு வந்தது. ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் அதில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த ஒரு விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்களுக்கு அது தேவையில்லை என்று தோன்றும். பணம் தரும் நிறுவனம் அடுத்த வருடம் உங்களில் மூன்று பேரை வேலைக்கு எடுத்துவிட்டால் அப்போது எழுதவே முடியாது.

அப்புறம் ஒரு பக்கத்தில் இவ்வளவு இருந்தால் போதும்: முடிவு எப்படி எடுப்பது, புதியவர் எப்படி உள்ளே வருவது, ஆறு மாதம் சத்தமே இல்லாதவரை என்ன செய்வது, ஒருவரை நீக்க எத்தனை ஓட்டு, இந்தப் பக்கத்தையே மாற்ற எத்தனை ஓட்டு.

பதிப்புரிமைக்கு வருகிறேன். நிரல் எழுதித் தரும் பங்களிப்பாளர்களிடம், அதன் மீதான உரிமையை ஒரே இடத்துக்குத் தரும் உரிம ஒப்பந்தம் வாங்கச் சொல்லி அந்த நிறுவனம் கேட்கலாம். எல்லார் நிரலின் உரிமையும் ஒரே இடத்தில் குவிந்தால், அந்த இடம் நினைத்த நாளில் உரிமத்தை மாற்றலாம். 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் தன் டெர்ராஃபார்ம் மென்பொருளைத் திறமூல உரிமத்திலிருந்து வெளியே எடுத்தது. பயனர்களும் போட்டி நிறுவனங்களும் பழைய நிரலை நகலெடுத்துக் கிளைபிரித்து ஓப்பன்டோஃபு என்று தனியாக நடத்த வேண்டியதாயிற்று. நான் சொல்வது, லினக்ஸ் கெர்னல் 2004-இல் கொண்டுவந்த எளிய வழி. நிரலில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றத்தின் (கமிட்) அடியிலும் 'சைன்டு-ஆஃப்-பை' என்று ஒரு வரி, பக்கத்தில் பெயர், மின்னஞ்சல். "இதைத் தர எனக்கு உரிமை இருக்கிறது" என்று பங்களிப்பாளர் கொடுக்கும் வாக்கு அது. உரிமை அவரிடமே இருக்கும். இதில் ஒரு சிரமம் உண்டு: உரிமத்தை மாற்ற நீங்களே விரும்பினாலும் ஒவ்வொருவரையும் தேடிப் போக வேண்டும். விஎல்சி என்ற வீடியோ மென்பொருளின் குழு, தன் நிரலின் பெரும்பகுதியை ஜிபிஎல் உரிமத்திலிருந்து அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்லுக்கு அப்படித்தான் நூற்றுக்கணக்கானவர்களிடம் கேட்டுக்கேட்டு மாற்றியது. என்னைக் கேட்டால், அந்தச் சிரமம்தான் உங்களுக்குக் காவல்.

நிரலை எவரும் கிளைபிரிக்கலாம், பெயரை முடியாது. ஹட்சன் என்ற திறமூல மென்பொருளின் பெயருக்கு உரிமை தனக்கே என்று ஆரக்கிள் சொன்னதும், 2011-இல் அந்தச் சமூகம் பெயரை விட்டுவிட்டு ஜென்கின்ஸ் ஆனது. ஆகவே வணிகக்குறி குடை அமைப்பின் பெயரில் இருக்கட்டும். அது நாட்டுக்கு நாடு தனித்தனி உரிமை. பயனர் அதிகமுள்ள ஒன்றிரண்டு இடங்களில் முதலில் பதியுங்கள். பல நாடுகளுக்கு ஒரே விண்ணப்பம் போடும் மாட்ரிட் முறைப்படி பிறகு விரித்துக்கொள்ளலாம்.

ஐரோப்பாவில் பயனர்கள் இருந்தால் மென்பொருள் பாதுகாப்புக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தைப் பற்றியும் குடை அமைப்பிடம் பேசுங்கள். 2027 டிசம்பர் 11 முதல் அது முழுமையாக அமலாகிறது. திறமூலத்தைத் தொடர்ந்து தாங்கிப்பிடிக்கும் அமைப்புகளுக்கு அதில் தனி வகையும் இலகுவான கடமைகளும் உண்டு.

அந்த நிறுவனத்துக்கு இந்த வாரமே பதில் எழுதிவிடுங்கள். அமைப்பு ஏற்பாடு நடக்கிறது, சில மாதம் ஆகலாம், அதுவரை தனிநபர் கணக்குக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். கூடவே ஒன்று கேளுங்கள்: இது நிபந்தனையில்லாத நன்கொடையா, இல்லை குறிப்பிட்ட ஒரு வசதியை முடித்துத் தருவதற்கான கூலியா? இரண்டாவது என்றால் அது சேவை ஒப்பந்தம். வரியும் பொறுப்பும் வேறு மாதிரி. பதிலை எழுத்தில் வாங்கி, குடை அமைப்புக்கு அனுப்பும் விண்ணப்பத்தோடு சேர்த்து வையுங்கள்.