ஜோனா லோமு: உடம்பு மட்டும்தானா?

அன்புள்ள ஐயா,

ஜோனா லோமு பற்றிய உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு 1995 ரக்பி உலகக் கோப்பை அரையிறுதியை யூடியூபில் பார்த்தேன். 120 கிலோ மனிதர் ஓடிவந்தால் யார்தான் தடுக்க முடியும்? இதில் ஆட்டத்திறன் எங்கே இருக்கிறது? அப்புறம், இவ்வளவு பேசப்பட்டவர் 27 வயதிலேயே நியூசிலாந்து அணியிலிருந்து ஏன் காணாமல்போனார்?

கே.

அன்புள்ள கே.,

கேப்டவுன் நியூலேண்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக லோமு போட்ட அந்த முதல் ட்ரையை (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) வேகத்தைக் குறைத்து இன்னொரு முறை பாருங்கள். பந்து அவர் கைக்கு வரவில்லை, பின்னால் விழுந்து எகிறுகிறது. திரும்பி எடுப்பதற்குள் இங்கிலாந்து வீரர் டோனி அண்டர்வுட் நெருங்கிவிட்டார். அவரைச் சுற்றிக் கடக்கிறார். அதே அணியின் வில் கார்லிங் பின்னாலிருந்து காலைத் தட்டிவிட, விழ வேண்டியவர் விழாமல், தடுமாறிக்கொண்டே, எதிரே நின்ற மைக் கேட் மீது ஏறிப் போய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைக்கிறார். எல்லோரும் பேசுவது மைக் கேட்டை மிதித்துப் போனதை. நான் வியப்பது அதற்கு முந்தைய நொடிகளை. அந்த எடைக்காரர்கள் ரக்பியில் அப்போதும் இருந்தார்கள், ஆனால் ஸ்க்ரம்மில் முட்டித் தள்ளும் இடத்தில். இவர் நின்றது விங்கில், ஓட்டக்காரர்களின் இடத்தில்.

யார்தான் தடுக்க முடியும் என்கிறீர்கள். தென்னாப்பிரிக்கா தடுத்தது! அந்த வருட இறுதிப்போட்டியில் மட்டுமல்ல, எந்த டெஸ்டிலும் (ரக்பியில் நாட்டு அணிகள் மோதும் ஆட்டம்) அவர்களுக்கு எதிராக லோமுவால் ஒரு ட்ரைகூடப் போட முடியவில்லை.

அந்த உடம்பும் நல்ல உடம்பு இல்லை. 1995 கடைசியிலேயே நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்று தெரிந்துவிட்டது. சிறுநீரகம் புரதத்தைத் தக்கவைக்காமல் வெளியே விட்டுவிடும்; உடல் வீங்கும், அசதி அடித்துப் போடும். நோய் தெரிவதற்கு முன் ஆடிய உலகக் கோப்பையில் அவர் போட்டது 7 ட்ரை. தெரிந்த பிறகு, 1999-ல், 8. இதை வெறும் உடல்வாகு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் அந்த நோய்தான். 2002 நவம்பரில் கார்டிஃபில் வேல்ஸுக்கு எதிராக ஆடியது கடைசி டெஸ்ட். 63 டெஸ்ட், 37 ட்ரை. மறு வருடம் டயாலிசிஸ். கால் நரம்புகளும் பாதிக்கப்பட்டு நடப்பதே சிரமமானது. 2004-ல் நண்பரும் வெலிங்டன் வானொலி அறிவிப்பாளருமான கிராண்ட் கெரியாமா தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்தார். அதோடு வீட்டில் இருந்திருக்கலாம். லோமு 2005 டிசம்பரில் வேல்ஸின் கார்டிஃப் புளூஸ் அணிக்காகக் களமிறங்கி, அந்த மாதமே ஒரு ட்ரையும் போட்டார். 2011-ல் அந்தச் சிறுநீரகமும் கைவிட்டது. 2015 நவம்பரில், 40 வயதில் இறந்தார்.

நேரம் கிடைத்தால் 1999 அரையிறுதியையும் பாருங்கள். பிரான்ஸ் 43–31 என்று ஜெயித்த ஆட்டம். லோமு போட்ட இரண்டு ட்ரைகளில் முதலாவதில் எத்தனை பேர் அவரைப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 1997-ல் சிகிச்சைக்காக ஆட்டத்தை விட்டே ஒதுங்கியிருந்தவர் அவர்.