கணினிக் கேள்வி-பதில்: பிளாஷை விடுங்கள், எக்ஸ்டென்ஷனைப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: உலாவியில் உள்ள ஆபத்தான பிளக்-இன்களை (அசைவுப் படம், விளையாட்டு ஓட்ட உலாவியோடு ஒட்டிக்கொண்ட பிளாஷ், ஜாவா போன்ற துணை மென்பொருள்களை) நிறுத்த வேண்டுமா? யாரோ பழைய கட்டுரை ஒன்றை வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள் போல. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

ஹட்டன்: பிளாஷ், ஜாவா இரண்டையும் நிறுத்தச் சொல்கிறார்கள். குரோமில் பிளக்-இன் பக்கத்தைத் தேடித் தேடிக் களைத்துவிட்டேன். எங்கே இருக்கிறது?

இல்லை. அந்தப் பக்கத்தை 2017 இலேயே எடுத்துவிட்டார்கள். நீங்கள் வாசித்தது ஒரு காலத்தில் பொன்னான ஆலோசனை. 2013 ஜனவரியில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களமே உலாவியில் ஜாவாவை நிறுத்துங்கள் என்று பொதுமக்களுக்குச் சொன்னது. 2015 ஜூலையில் பிளாஷில் ஓட்டைக்கு மேல் ஓட்டையாக வெளிவந்தபோது பயர்பொக்ஸ் அதைத் தானாகவே முடக்கி வைத்தது. அதே ஆண்டு குரோம், பழைய வகைப் பிளக்-இன்களுக்குக் கதவை அடைத்தது. பிளாஷின் ஆயுள் 2020 டிசம்பர் 31 உடன் முடிந்தது. மைக்ரோசொப்டின் அதே வகைப் பிளக்-இன்னான சில்வர்லைட்டுக்கு 2021 ஒக்டோபர். நிறுத்துவதற்கு இப்போது ஒன்றும் மிச்சமில்லை. இன்று நீங்கள் பார்க்க வேண்டியது எக்ஸ்டென்ஷன்களை, அதாவது உலாவிக்குள் நாமே சேர்த்துக்கொள்ளும் குட்டி மென்பொருள்களை. அதைப் பற்றிக் கீழே பண்டாரவளைக்காரருக்கு நிறையவே எழுதியிருக்கிறேன்.

நோர்வூட்: 'உங்கள் பிளாஷ் பழையதாகிவிட்டது, புதுப்பிக்கவும்' என்று அடிக்கடி ஒரு பெட்டி வருகிறது. அழுத்தலாமா?

கூடாது. செத்தவருக்கு யாரும் மருந்துச் சீட்டு எழுதுவதில்லை. ஏற்கனவே அழுத்தி எதையாவது நிறுவியிருந்தால், கடவுச்சொற்களை வேறொரு கணினியில் இருந்து மாற்றுங்கள்.

மஸ்கெலியா: தோட்டக் காரியாலயத்தில் கிளார்க்காக இருக்கிறேன். எங்கள் கணக்கு மென்பொருளுக்கு ஜாவா வேண்டும். இன்னொரு பழைய தளம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில்தான் திறக்கும். ஆபத்து என்றால் இரண்டையும் அழித்துவிடட்டுமா?

அழித்துவிட்டு சம்பளப் பட்டியலை எதில் போடுவீர்கள்? கணக்கு மென்பொருளுக்கான ஜாவா கணினியில் தனியாக ஓடுகிறது. உலாவிக்குள் ஓடிய ஜாவா பிளக்-இன் வேறு. அதை 2018 இல் வந்த ஜாவா 11 இல் இருந்தே எடுத்துவிட்டார்கள். உங்களிடம் இருப்பது ஜாவா 8 ஆக இருக்கும் என்று நினைக்கிறேன் (இலக்கத்தை எழுதியிருக்கலாமே!). அதன் கொன்ட்ரோல் பேனலில் 'செக்யூரிட்டி' பகுதிக்குப் போனால், உலாவியில் ஜாவாவை அனுமதிக்கும் சரிக்குறி ஒன்று இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். மென்பொருள் வழக்கம்போல் ஓடும்.

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூனில் ஓய்வு பெற்றுவிட்டது. பழைய தளத்தை எக்ஸ்புளோரர் போலவே திறக்க எட்ஜ் உலாவிக்குள்ளேயே 'ஐஇ மோட்' இருக்கிறது. குறைந்தது 2029 வரை வைத்திருப்போம் என்று மைக்ரோசொப்ட் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு தளத்தை மட்டும் அதில் சேருங்கள். வசதியாக இருக்கிறதே என்று பேஸ்புக்கையும் அதிலேயே திறக்க வேண்டாம்.

தலவாக்கலை: பாடசாலையில் பழைய பாட சீடிகள் நிறைய உண்டு. எல்லாம் பிளாஷ் கோப்புகள். பிள்ளைகளுக்குக் காட்ட பழைய பிளாஷ் பிளேயரை எங்கே எடுக்கலாம்?

எங்கேயும் எடுக்க வேண்டாம். இன்று இணையத்தில் 'பழைய பிளாஷ்' என்று கிடைப்பதை நம்ப முடியாது. 'ரபிள்' என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பிளாஷ் கோப்பைப் பிளாஷே இல்லாமல் ஓட்டும். உலாவி எக்ஸ்டென்ஷனாகவும் கிடைக்கிறது, தனி மென்பொருளாகவும் கிடைக்கிறது. நீங்கள் தனி மென்பொருளை எடுங்கள். சீடிக்கு அது போதும். மிகவும் சிக்கலான பாடங்கள் சில சரியாக ஓடாமல் போகலாம். சாதாரணப் படமும் அசைவும் என்றால் ஓடிவிடும்.

பண்டாரவளை: கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். கூகுளில் எதைத் தேடினாலும் வேறொரு பக்கத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது. வைரஸ் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. எக்ஸ்டென்ஷன் பட்டியலில் 14 இருக்கிறது. எதை நிறுத்துவது?

பதினான்கு! நிதானமாகச் சொல்ல முயல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் பிடிஎப் மாற்றுவதற்கு மட்டும் மூன்று. வீடியோ இறக்க இரண்டு. இலவச விபிஎன் ஒன்று, பின்னணிப் படம் மாற்ற ஒன்று, இமோஜிக்கு ஒன்று. யார் போட்டது என்று கேட்டால் 'கடைப் பையன்' என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாக் கடையிலும் அந்தப் பையன் இருக்கிறான்.

போன மழைக்காலத்தில் போட்டோகொப்பி எடுக்க நகரத்துக் கடை ஒன்றுக்குள் ஒதுங்கினேன். எனக்கு முன்னால் ஒரு தோட்டத்து அம்மா. சேமலாப நிதிப் பணத்துக்கு விண்ணப்பிக்க வந்திருந்தார். அடையாள அட்டையின் இரு பக்கமும், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் நனையாமல் பொலித்தீன் பைக்குள். பையன் மூன்றையும் ஸ்கேன் செய்து, குரோமின் மூலையில் இருந்த சிவப்புப் பொத்தானைத் தட்டினான். ஒரு பட்டை ஓடியது: 40, 70, 100. ஒரே பிடிஎப் ஆகத் திரும்பி வந்தது. அந்த 100 என்ன என்று கேட்டேன். "அப்லோட் சேர். ப்ரீதானே." அந்த அம்மாவின் அடையாள அட்டை எந்த நாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

இதற்கு எக்ஸ்டென்ஷனே வேண்டாம். வேர்டில் 'சேவ் அஸ்' போனால் பிடிஎப் ஆகிறது. குரோமில் பிரிண்ட் கொடுத்தால் அங்கேயே பிடிஎப் ஆகச் சேமிக்கலாம். பல பக்கத்தை ஒரே கோப்பாகத் தர பெரும்பாலான ஸ்கேனர்களின் மென்பொருளுக்கே தெரியும். கையில் இருப்பதை விட்டுவிட்டு ஏன் சந்திக்குப் போகிறோம்?

எக்ஸ்டென்ஷனைச் சேர்க்கும்போது ஒரு சின்னப் பெட்டி வரும்: 'எல்லா இணையத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவுகளை வாசிக்கவும் மாற்றவும் முடியும்.' இதை வாசித்துவிட்டு அழுத்தியவர் ஒருவரையாவது எனக்குக் காட்டுங்கள். எல்லாத் தளம் என்றால் ஜிமெயிலும் வங்கியும் சேர்த்துத்தான். நீங்களே அழைத்து உள்ளே விட்ட ஆளை வைரஸ் ஸ்கேன் பெரும்பாலும் திருடன் என்று சொல்லாது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று எழுதினீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

போட்ட நாளில் நல்லதாக இருந்த எக்ஸ்டென்ஷன் நல்லதாகவே இருக்கும் என்றும் இல்லை. 'த கிரேட் சஸ்பென்டர்' என்று ஒன்று, திறந்து கிடக்கும் டேப்களைத் தூங்க வைப்பது. சுமார் 20 இலட்சம் பேர் வைத்திருந்தார்கள். செய்தவர் 2020 இல் அதை வேறொருவருக்கு விற்றார். 2021 பெப்ரவரியில் தீங்கான நிரல் இருக்கிறது என்று கூகுள் அதைத் தூக்கியது. 2024 நத்தார் நேரத்தில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனே மாட்டியது. குரோம் ஸ்டோரில் இருந்து வந்ததுபோல் ஒரு போலி மின்னஞ்சல்; ஊழியர் ஒருவர் ஏமாந்து அனுமதி கொடுக்க, திருட்டுப் பதிப்பு தானாகவே பயனர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதை வைத்திருந்தவர்கள் 4 இலட்சம் பேர் அளவில். ஒரு நாளுக்குள் பிடித்துவிட்டார்கள். பாதுகாப்பு விற்கிறவர்களுக்கே இந்தக் கதி என்றால், இமோஜி எக்ஸ்டென்ஷன் செய்தவரைப் பற்றி என்ன சொல்ல?

காட்டு வழியில் அட்டை ஏறுவது தெரியாது. வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றும்போதுதான் இரத்தம் தெரியும். இதுவும் அப்படித்தான்.

சரி, செய்ய வேண்டியது. மேலே வலப்பக்க மூன்று புள்ளியில் எக்ஸ்டென்ஷன் பக்கத்துக்குப் போங்கள். பதினான்கையும் நீக்குங்கள். எதை நிறுத்துவது என்று கேட்டீர்கள். நிறுத்தினால் அது ஓடாது, உண்மை. ஆனால் பையன் நாளைக்கு ஒரு தட்டில் திரும்ப ஓட விடுவான். ஆகவே நிறுத்தாதீர்கள், நீக்குங்கள். ஒரு வாரத்தில் எது இல்லாமல் உண்மையாகவே வேலை நடக்கவில்லையோ அதை மட்டும் திரும்பச் சேருங்கள். பிறகு தேடுபொறி அமைப்பைப் பார்த்து கூகுளுக்கு மாற்றுங்கள்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, கடைக் குரோமில் உங்கள் சொந்த ஜிமெயிலால் உள்நுழைந்து சிங்க் (எல்லாக் கணினியிலும் ஒரே அமைப்பைக் கொண்டுவரும் வசதி) போட்டிருந்தால், அதே பதினான்கும் வீட்டு லெப்டொப்பிலும் இருக்கும். போய்ப் பாருங்கள். மற்றது, நீக்கும் பொத்தானே வராமல், மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று தெரிந்தால், எதுவோ ஒரு மென்பொருள் கணினிக்குள் விதி எழுதி வைத்திருக்கிறது. உங்கள் கடையை எந்த நிறுவனமும் நிர்வகிக்கவில்லை அல்லவா? அப்போது விண்டோஸில் சமீபத்தில் நிறுவிய மென்பொருள்களை நீக்க வேண்டும். அதிலும் போகாவிட்டால் கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். அப்புறம் பையனுக்கு அட்மின் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்.

ஊரும் இல்லை, பெயரும் இல்லை: கொம்பியூட்டர் ஸ்லோ. என்ன செய்ய?

என்ன கணினி, என்ன விண்டோஸ், எத்தனை ஜிபி ரேம், எப்போதில் இருந்து? வைத்தியரிடம் போய் 'வருத்தம்' என்று மட்டும் சொல்லிவிட்டு வருவீர்களா? மறுபடி எழுதுங்கள்.

பொகவந்தலாவை: ஆசிரியை. தமிழ் தட்டச்சுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் வைத்திருக்கிறேன். அதுவும் ஆபத்தா?

நீங்கள் தட்டுவது எல்லாவற்றையும் பார்க்காமல் அது எப்படித் தமிழாக்கும்? பெரிய நிறுவனத்தினுடையது என்றால் பயம் குறைவு. ஆனால் தேவையே இல்லை. 2019 இல் இருந்து விண்டோஸ் 10 இலேயே தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் இருக்கின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும்; ஒலி வழியில் தட்டிப் பழகியவர்களுக்கு அஞ்சல் சுலபம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்து யுனிகோடுக்கு மாற்றும் தளங்களையும் பயன்படுத்துகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வினாத்தாளையும் பிள்ளைகளின் அறிக்கையையும் அங்கே ஒட்டாதீர்கள். கவிதை என்றால் ஒட்டலாம்.

கம்பளை: விளம்பரத் தடுப்பானையும் எடுத்துவிட வேண்டுமா?

வேண்டாம். நான் வைத்திருக்கும் ஒன்றிரண்டில் அதுவும் ஒன்று. போலி 'டவுன்லோட்' பொத்தான்களில் பெரும்பகுதியை அதுவே மறைத்துவிடும். ஆனால் குரோம் விதிகளை மாற்றியதால் யுபிளொக் ஒரிஜின் என்ற தடுப்பானின் பழைய பதிப்பு இப்போது அதில் ஓடாது. 'லைட்' பதிப்பு ஓடும். பயர்பொக்ஸில் பழையதே ஓடுகிறது. ஒரே பெயர்போல் தெரியும் போலிகள் ஏராளம், பெயரையும் செய்தவரையும் இரண்டு முறை வாசித்துவிட்டுச் சேருங்கள்.

இராகலை: நான் போன் மட்டும்தான் பாவிக்கிறேன். எனக்கும் இது உண்டா?

அன்ட்ரொய்ட் குரோமில் எக்ஸ்டென்ஷன் கிடையாது, பயர்பொக்ஸில் உண்டு. உங்களுக்குப் பெரிய தொல்லை நோட்டிபிகேஷன் அனுமதி. தளம் கேட்டவுடன் 'அனுமதி' கொடுத்துவிட்டு, இரவெல்லாம் 'உங்கள் போனில் வைரஸ்' என்று வந்தால் என்னிடம் கேட்காதீர்கள். குரோமின் தள அமைப்புகளில் போய் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (போனில் செயலியை நிறுவும் கோப்பு) தொடவே வேண்டாம்.

நானுஓயா: இன்கொக்னிட்டோவில் (பார்த்த பக்கங்களைச் சேமிக்காத சாளரத்தில்) வங்கிக் கணக்கைத் திறந்தால் பாதுகாப்புத்தானே?

அரைவாசி. நீங்களாக அனுமதிக்காவிட்டால் எக்ஸ்டென்ஷன்கள் இன்கொக்னிட்டோவில் ஓடாது, அந்த அளவுக்கு நல்லது. கணினிக்குள்ளேயே ஏதாவது புகுந்திருந்தால் இன்கொக்னிட்டோ காப்பாற்றாது. பொதுக் கடையில் வங்கிக் கணக்கைத் திறக்கவே வேண்டாம். சொந்தக் கணினியில் என்றால் குரோமில் தனி புரொபைல் ஒன்றை உருவாக்கி, அதில் எக்ஸ்டென்ஷன் எதுவும் சேர்க்காமல் வங்கிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினி விண்டோஸ் 7 என்றால் அதுவும் வேண்டாம். அதில் ஓடும் கடைசிக் குரோம் 109, அது 2023 இல் வந்தது.

வெலிமடை: பிளக்-இன்னை எடுக்கச் சொல்கிறார்கள் என்று தினமும் இரவில் பிளக்கைக் கழற்றித்தான் வைக்கிறேன். போதுமா?

அது வேறு பிளக், ஐயா. ஆனாலும் நிறுத்திவிடாதீர்கள். ஏப்ரல் மாதத்து அந்தி இடியில் ரவுட்டர் கருகி என்னிடம் வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். தொலைபேசி வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள்.